மாவிலை ஆடினால் நிற்கும்

செப்டம்பர் 2, திங்கள்

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. வெளியூர் வேலைக்குப் போகிறவர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குள் அலுவலகக் குழுவில் 'சைட் ரிப்போர்ட்' போட வேண்டும். முதலாளி தாமோதரன் சார் அதைப் பார்த்துக் கட்டைவிரல் படம் ஒன்று போடுவார். ரிப்போர்ட்டில் உண்மை இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் பட்டாலும் சங்கடம் வராத அளவுக்குத்தான். மீதியை எங்கே கொட்டுவது? அதற்காகத்தான் இந்த நோட்டு. ஒரு வால்வு கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வால்வு படம் முறைத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, ஜெபமலர் ஆகிய நான், வயது முப்பத்தாறு, கோயம்புத்தூரில் ஏழே பேர் வேலை பார்க்கும் ஆட்டோமேஷன் கம்பெனியில் புரோகிராமர். ஆலைக்காரர்களின் மெஷின்கள் தானாக ஓடும்படி செய்து கொடுப்பது எங்கள் தொழில். "எனக்க மக மெஷினுக்கு மூள வைக்கா" என்று நாகர்கோவிலில் அம்மா சர்ச்சு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கையிருப்பில் அவ்வளவு மூளை இருந்திருந்தால் நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

இந்த முறை ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு பாக்குமட்டைத் தட்டு ஆலை. ஊறவைத்த மட்டையைச் சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு ஆகிவிடும். எல்லாம் ஜெர்மனிக்குப் போகிறது. அங்கே ஒருவன் அதில் ஒரு துண்டு கேக் வைத்துத் தின்றுவிட்டு, பூமியைக் காப்பாற்றிய திருப்தியோடு தட்டைத் தூக்கிப் போடுவான். அவனுடைய அந்தத் திருப்திக்காக நான் பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறேன். என் குளியலறையில் குழாயைத் திறந்தால் பக்கத்து அறையில் தண்ணீர் வருகிறது.

ரிப்போர்ட்: 'தங்கும் வசதி திருப்தி. வேலை ஆரம்பம்.'

செப்டம்பர் 3, செவ்வாய்

இத்தனை நாள் காலால் மிதித்து ஓட்டிய பிரஸ்கள். இப்போது அந்த இடத்தில் ஆறு புது ஹைட்ராலிக் பிரஸ்கள், ஆறுக்கும் சேர்த்து ஒரே கண்ட்ரோல் பேனல். அச்சு தானே இறங்கும், தானே ஏறும், தட்டு தானே வெளியே விழும். மட்டையை வைப்பது மட்டும் இன்னும் மனுஷக் கை.

கை போகிற இடத்தில் அச்சு இறங்கக் கூடாது அல்லவா? அதற்குத்தான் லைட் கர்ட்டன். பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு மஞ்சள் கம்பங்கள். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஏதாவது குறுக்கே வந்தால் அச்சு இருந்த இடத்திலேயே நின்றுவிடும். மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். முறைப்படி பார்த்தால் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இது ரிலே என்கிற தனி சுவிட்ச் வழியாக நேராக மெஷினை நிறுத்த வேண்டும். பொருள் பட்டியலில் அந்த ரிலேயை யாரோ அடித்துவிட்டதால் என் புரோகிராம் வழியாகப் போகிறது. கம்பம் எனக்குச் சொல்லும், நான் அச்சை நிறுத்துவேன். நான் என்றால் நான் எழுதியது.

மூன்றாம் நம்பர் பிரஸ் செல்லமணி அக்காவுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினொரு வருஷமாக இதே ஆலை. சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க மேடம், என்ற கை வந்தா இதுக்கு எப்படீங்க தெரியும்?"

"தெரியும்க்கா. தைரியமா வைங்க."

"நீங்க வைங்க, பாக்கலாம்."

நான் சிரித்தேன். சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து அச்சுக்கு அடியில் நீட்டினேன். இறங்கி வந்த அச்சு ஒரு சாண் உயரத்தில் நின்றது. சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். செல்லமணி அக்கா தட்டவில்லை.

"வெள்ளரிக்காய்க்கு நின்னுச்சுங்க" என்றார். பிறகு தன் இடது கையை நீட்டினார். அதற்கும் நின்றது. தலையை ஆட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். வெள்ளரிக்காயை நான் மதியம் தின்றேன்.

செப்டம்பர் 4, புதன்

நாலு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்த கோளாறு: பிளக்கைச் சொருகவில்லை. ரிப்போர்ட்: 'மின் இணைப்புகள் முழுமையாக ஆய்வு செய்யப்பட்டன.' கட்டைவிரல் வந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

திறப்பு விழா. வளர்பிறை வெள்ளி, நல்ல நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். ஆக, மெஷினுக்கு நான் வைத்த மூளை ஒரு மணி நேரத்துக்குள் முதல் தட்டை ஈன்றாக வேண்டும்.

ஆலை எம்.டி. சிவசண்முகம் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். அவர் மனைவி காலையிலேயே வந்து, ஆறு பிரஸ்ஸின் வாய்க்கும் மேலாக ஒரே நீளத் தோரணம் கட்டிவிட்டார். நல்ல தளதள மாவிலை. நூல் தொய்ந்ததால் கம்பத்தில் ஒட்ட டேப் கேட்டார். என் டூல் பையிலிருந்து கறுப்பு டேப் எடுத்துக் கொடுத்தவள் சாட்சாத் நான்தான்.

ஒன்பது இருபதுக்கு எம்.டி. பச்சைப் பொத்தானை அழுத்தினார். அச்சு இறங்கியது, நின்றது. மறுபடி அழுத்தினார். நின்றது. ராட்சச ஃபேன் காற்றில் மாவிலை ஆடுகிறது. ஆடுகிற இலை ஒளிக்குக் குறுக்கே வருகிறது. கை வந்துவிட்டதென்று கம்பம் அலறுகிறது. மெஷின் தன் கடமையைச் செய்தது. அதைவிடக் கெட்ட நேரத்தில் யாரும் கடமையைச் செய்து நான் பார்த்ததில்லை.

"என்னுங்க மேடம், நின்னு நின்னு போகுது? பத்தே காலுக்குள்ள மொதத் தட்டு வந்தாகணுமுங்க."

"சார், தோரணத்தக் கொஞ்சம் அவுத்து மேல கட்டிக்கலாமா?"

"கட்டுனத அவுக்கறதுங்களா? இன்னிக்கா?"

அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வை, தாலியைக் கழற்றித் தரச் சொன்னது போல இருந்தது. ஃபேனை நிறுத்தலாம் என்றால் வந்திருந்த எழுபது விருந்தினரும் அச்சுச் சூட்டில் வெந்துவிடுவார்கள். மணி ஒன்பது ஐம்பது.

லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தேன். கம்பம் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே என்று புரோகிராமுக்குச் சொல்லும் வரி. பக்கத்தில் எனக்கே ஒரு குறிப்பு: 'சாப்பாட்டுக்கு அப்புறம் எடு.'

பத்து நாலுக்கு முதல் தட்டு விழுந்தது. குலவை, கற்பூரம், செல்ஃபி. ஜெர்மனிக்காரன் வீடியோவில் கும்பிட்டான். பிறகு சாப்பாடு. பால் பாயசம் இரண்டு முறை வாங்கினேன்.

ரிப்போர்ட்: 'திறப்பு விழா சிறப்பு.'

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. ஆலைக்குப் பாதி நாள் லீவு. காலையில் ஆறு பிரஸ்ஸும் மூன்று மணி நேரம் ஓடின. ஒரு தடவைகூட நிற்கவில்லை. தலைக்கு மேலே தோரணம் சலசலவென்று ஆட, கீழே தட்டு தட்டாக விழுகிறது. என் திறமையை நினைத்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எம்.டி. மூன்று கொழுக்கட்டை கொடுத்தார்.

ஒப்படைப்புப் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றையும் மெஷினிடம் போய்ச் சோதித்து டிக் செய்ய வேண்டும். கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மெஷினைத் தொந்தரவு செய்யவில்லை. முப்பத்தொன்று, லைட் கர்ட்டன்: டிக்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கேஸ் தீர்ந்தது. மாடி வீட்டுக்காரரின் பூனை என் துவைத்த புடவையில் குட்டி போட்டது. எம்.டி. குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்: "சொன்னதுக்கு மேலயே தட்டு வருதுங்க மேடம், நிக்கவே மாட்டீங்குது." தாமோதரன் சார் அதைக் குழுவில் எல்லோருக்கும் போட்டார். ஆறு கட்டைவிரல்.

செப்டம்பர் 25, புதன்

சார் கூப்பிட்டார். "ஜெபா, ஆனைமலையில ஒரு சின்ன விஷயம்."

சின்ன விஷயம் இதுதான். மூன்றாம் நம்பர் பிரஸ். வழுக்கிய மட்டையைச் சரிசெய்யக் கை போயிருக்கிறது, அச்சு நிற்கவில்லை. செல்லமணி அக்காவின் இடது கைச் சுண்டு விரல் முதல் கணு வரைக்கும் போய்விட்டது. மோதிர விரல் வெந்து, நாலு தையல்.

சாயங்காலம் தோசை வார்த்தேன். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

அந்தப் புரோகிராமின் கடைசிப் பிரதி என் லேப்டாப்பில் இருக்கிறது. திறந்து பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. சார்ஜர் மேஜை மேல்தான் இருக்கிறது.

இன்று மின்விசிறியைத் துடைத்தேன். மூன்று இறக்கைகளிலும் ஒரு வருஷ அழுக்கு.

நான் அதை எடுத்துவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் எடுத்ததாகத்தான் ஞாபகம். சாப்பாடு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாயசம், அப்பளம், இரண்டு பொரியல், கடைசியில் பீடா.

செப்டம்பர் 27, வெள்ளி

சார் அறையில் கூட்டம். சாரும் நானும் ஒரு தட்டு போண்டாவும். ஆலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் கம்பத்தில் கறுப்பு டேப் துண்டு இருந்ததாம். நிறையத் தட்டு போட வேண்டும் என்று செல்லமணியே டேப் ஒட்டிக் கருவியை மறைத்திருப்பாரோ என்று சந்தேகமாம். அக்டோபர் மூன்றாம் தேதி விசாரணை. மெஷின் செய்து கொடுத்தவர்களாகிய நாங்கள் 'ஆமாம், அப்படித்தான்' என்று ஒரு காகிதம் கொடுத்துவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். தானே கையைக் கொடுத்த மடச்சி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

சார் காகிதத்தைத் தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 'ஆபரேட்டர் கருவியை மறைத்திருக்க வாய்ப்புண்டு.'

டேப் ஒட்டினால் ஒளி மறையும். ஒளி மறைந்தால் மெஷின் நிற்கும், ஓடாது. எனக்கு இது தெரியும். முப்பது வருஷமாக இதே தொழிலில் இருக்கும் சாருக்கும் தெரியும். அந்த டேப் எந்தப் பையிலிருந்து போனது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"என்னம்மா, சரியா இருக்கா?"

"போண்டால உப்பு கம்மி சார்" என்றேன்.

செப்டம்பர் 28, சனி

ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். ஒவ்வொன்றாக.

செப்டம்பர் 30, திங்கள்

காகிதம் கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் போய் மெஷினைப் பார்த்ததாகக் கணக்கு இருக்க வேண்டுமாம். "நாளைக்கு ஒரு நடை போயிட்டு வந்துரும்மா. உள்ள ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வந்துரு. என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லாதே."

இருபது வருஷம் பழகிய மாதிரி ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டோம்.

அக்டோபர் 1, செவ்வாய்

பொள்ளாச்சி பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தேன். வேறு துடைக்க எதுவும் இல்லை. வரி அங்கேயே இருந்தது. பக்கத்தில் என் குறிப்பும். 'சாப்பாட்டுக்கு அப்புறம் எடு.'

அப்படியானால் மற்ற ஐந்து பிரஸ்ஸும் இந்த நிமிஷம் வரை அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐந்து பெண்கள், பத்துக் கைகள். பஸ்ஸிலிருந்தே ஆலைக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. இதை எந்த ரிப்போர்ட்டிலும் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி, சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றிருந்தன, கூடத்தில் யாரும் இல்லை. ஃபேன் மட்டும் ஓடியது. தோரணம் காய்ந்து பழுப்பாகி, இன்னும் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. அந்த வரியை எடுத்தால் இலை ஆடுவதற்கெல்லாம் மெஷின் நிற்கும். நேற்று வரை ஓடியது இன்று ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். ஆகவே முதலில் தோரணத்தை அவிழ்க்க வேண்டும்; பிறகு வரி. யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். முதல் முடிச்சில் கை வைத்தேன்.

"அத ஏனுங்க அவுக்கறீங்க?"

செல்லமணி அக்கா. ஆஸ்பத்திரிக் காகிதம் கொடுக்க ஆபீசுக்கு வந்தவர். இடது கையில் பெரிய வெள்ளைக் கட்டு.

"காஞ்சு போச்சேக்கா."

"காஞ்சு ரொம்ப நாளாச்சுங்களே." பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தார். "மேடம், ஒண்ணு கேக்கோணும். அன்னிக்கு எலை ஆடுனா மெசினு நின்னுச்சுங்க. எல்லாரும் பாத்தம். அப்பறம் இத்தன நாளா அதே எலை ஆடுது, மெசினு ஓடுது. எலைக்கு நிக்காதது என்ற கைக்கு எப்படீங்க நிக்கும்?"

வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.

"இத யார்ட்டயாச்சும் சொன்னீங்களா?"

"சூப்பர்வைசர்ட்டச் சொன்னனுங்க. சிரிச்சாரு. மெசினு சமாச்சாரமெல்லாம் மேடத்துக்குத்தான் தெரியும்னாரு. அதான் உங்களையே கேக்கறனுங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்தவரிடம் விவரம் கேட்கிற குரல். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வெட்கம்தான் அதிகம்.

தோரணத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். பேனலில் லேப்டாப்பை மாட்டி அந்த வரியை அழித்தேன்.

இரண்டு மணிக்குப் பெண்கள் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினார்கள். ஒன்று நின்றது. ஐந்து நின்றது. இரண்டு, நாலு, ஆறு. மறுபடி அழுத்த, மறுபடி நின்றன. எம்.டி. ஓடி வந்தார்.

"என்னுங்க மேடம், நீங்க வந்ததும் படுத்துருச்சு?"

"இப்பத்தான் சார் எந்திரிச்சிருக்கு" என்றேன். பிறகு சொன்னேன். நல்ல நேரம், மாவிலை, ஒற்றை வரி, பாயசம் எல்லாவற்றையும். என் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு கம்பத்தில் ஒட்டிக் காட்டினேன். தோரணத்தை அவரே தூக்கிப் பிடித்திருந்தபோதும் அந்தப் பிரஸ் நகரவில்லை. கம்பத்தில் இருந்த பழைய துண்டு எதற்காக ஒட்டியது என்று அவர் மனைவியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அவர் தோரண நூலைக் கையிலிருந்து விட்டார். பிறகு, "எழுதிக் குடுங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

ரிப்போர்ட்: 'லைட் கர்ட்டன் செப்டம்பர் 6 முதல் இன்று மதியம் வரை வேலை செய்யவில்லை. அதை நிறுத்தி வைத்தவர் ஜெபமலர். சோதிக்காமல் டிக் செய்ததும் அவரே. தனி ரிலே மாட்டாதது கம்பெனி. செல்லமணி டேப் ஒட்டவில்லை. கருவி வேலை செய்து, அவர் ஒட்டியும் இருந்தால் மெஷின் நின்றிருக்கும், விரல் இருந்திருக்கும்.'

எம்.டி.யின் எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். கட்டைவிரல் வரவில்லை. போன் வந்தது.

"சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"உங்களுக்குச் சொல்லல சார். குரூப்ல போட்டேன்."

அக்டோபர் 4, வெள்ளி

விசாரணை இல்லையென்று ஆகிவிட்டது. செல்லமணி அக்காவுக்குக் கை ஆறும்வரை சம்பளத்தோடு லீவு, பிறகு அதே வேலை. எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆறு ரிலேயையும் யாராவது மாட்ட வேண்டும். மாட்டி முடித்ததும் சார் என்ன செய்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த முகத்தைத்தான் அவர் என்னிடம் காட்டுவதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ரிலே வேலை நேற்று முடிந்தது. இனி கம்பம் நேராக மெஷினை நிறுத்தும். நடுவே என் புத்திசாலித்தனத்துக்கு இடமே இல்லை.

செல்லமணி அக்கா பூஜைக்கு வந்திருந்தார். கட்டு சிறியதாகியிருக்கிறது. எம்.டி.யின் மனைவி புதுத் தோரணத்தோடு மெஷின் பக்கம் வர, "அம்மா, ஆபீஸ் கதவுல கட்டுங்க, அங்கதான் யாரும் கை வெக்க மாட்டாங்க" என்று அக்கா திருப்பி அனுப்பினார். அவரும் மறு பேச்சில்லாமல் போனார்.

பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, மூன்றாம் நம்பரை ஓட்டிக் காட்டினேன். சாப்பாட்டு டப்பாவை எடுக்கக் குனிந்தேன்.

"காய் வேண்டாமுங்க" என்றார் செல்லமணி அக்கா. "உங்க கைய வைங்க."

எல்லா இணைப்பையும் முடுக்கியவள் நான். நூறு முறை சோதித்தவள் நான். ஆனாலும் கை மேலே வரவில்லை. அன்றைக்கு வெள்ளரிக்காய் நீட்டியபோதும் இதே பயம்தான் இருந்திருக்கிறது, சிரித்து மறைத்திருக்கிறேன்.

"எந்தக் கைக்கா?"

"இடது."

வைத்தேன். அச்சு இறங்கி, ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதன் சூடு புறங்கை முழுக்கப் பட்டது. அவர் குனிந்து, என் விரல்களுக்கும் அச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். நிமிர்ந்து நாலாம் நம்பருக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். நாலு, ஐந்து, ஆறு. பிறகு ஒன்று, இரண்டு. ஒவ்வொன்றிலும் வைத்தேன், ஒவ்வொன்றும் நின்றது. கடைசியில் மறுபடி தன் மெஷினுக்கே வந்து நின்றுகொண்டார்.

"இன்னொருக்கா வைங்க, அம்மிணி."

வைத்தேன்.